ஈஷ், இஷ்ஷா: இரண்டும் ஒரே வேரா?

கேள்வி:
வணக்கம். ஆதியாகமம் 2:23இல் ஆணை ‘ஈஷ்’ என்றும் பெண்ணை ‘இஷ்ஷா’ என்றும் சொல்லும் எபிரேயத்தை, தமிழ் விவிலியம் ‘மனுஷன்’, ‘மனுஷி’ என்று அழகாகப் பெயர்த்திருக்கிறது. மனுஷனோடு பெண்பால் விகுதி சேர்ந்து மனுஷி ஆனதைப் போலவே ஈஷிலிருந்து இஷ்ஷா வந்ததா?

மறுமொழி 1:
இல்லை ஐயா, அது ஒலி ஒற்றுமை மட்டுமே. இஷ்ஷாவில் ஷகரம் இரட்டித்திருப்பதைக் கவனியுங்கள். முன்பு அங்கிருந்த னகர ஒலி அடுத்த மெய்யோடு ஒன்றிவிட்டதன் தடயம் அது. எபிரேயத்தின் உறவுமொழியான அரபியில் பெண்பாலைக் குறிக்கும் ‘உன்ஸா’ என்ற சொல்லில் அந்த னகரம் இன்றும் அப்படியே நிற்கிறது; பண்டைய மெசபடோமியாவில் வழங்கிய மற்றோர் உறவுமொழியான அக்காடியத்தில் மனைவியைக் குறிக்கும் ‘அஷ்ஷது’வில், எபிரேயத்தைப் போலவே, அது மறைந்துவிட்டது. ஈஷ் என்பதன் வேர் குறித்தோ அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மறுமொழி 2:
எழுத்திலும் வேறுபாடு தெரிகிறது. ஈஷ் என்பதன் நடுவே ‘யோத்’ எழுத்து உண்டு, இஷ்ஷாவில் அது இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் அந்த வசனம் தவறான விளக்கம் தருகிறதா?

மறுமொழி 1:
அப்படிச் சொல்வது நியாயமாகாது. வசனம் இலக்கணம் கற்பிக்கவில்லை. ‘அதாமா’ எனும் மண்ணிலிருந்து ஆதாம் உருவானதாக 2:7 சொல்வதைப் போல, ஒத்தொலிக்கும் சொற்களைக் கொண்டு இருவரின் நெருக்கத்தைக் காதில் விழச் செய்கிறது. மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் தொலைந்துபோகும் அந்த ஒலிநயம் தமிழில் தப்பியிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.