பயிற்சிக் கடன்: வட்டிக் கணக்கைப் புரிந்துகொள்ள உதவுங்கள்

வணக்கம். தொழிற்பயிற்சியில் சேர இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குக் கடன் வாங்கியாக வேண்டும். இரண்டு கடன் தாள்களை அருகருகே விரித்து வைத்து இரண்டு இரவுகளாகக் கணக்குப் போடுகிறேன்.

ஒன்றில் 10 சதவீத ஃப்ளாட் வட்டி, 36 மாதத் தவணை. கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி! தவணை கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 18 சதவீதம் வருகிறது. மற்றதில் 14 சதவீதம், குறையும் அசலுக்கு மட்டும். ஆனால் தவணை இல்லாத பயிற்சி ஆண்டின் வட்டி அசலோடு சேர்ந்துவிடும். தனிவட்டியாகப் போட்டாலே 100 என்பது 114 ஆகிவிடுகிறது.

பயிற்சிக் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தவர்கள் இருக்கிறீர்களா? சமாளிக்க முடிந்ததா? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று எப்போது கேட்டீர்கள்? பிணைக் கையெழுத்து அம்மா போடப்போகிறார். அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.