கொழுந்துக் குடும்பம்

வித்யா மெல்பேர்ண்: (5 படங்கள்)
கூட்டாளிகளோட யாரா பள்ளத்தாக்குக்கு வந்திருக்கேன். மெல்பேர்ண்ல இருந்து ஒரு மணி நேரம். பார்க்கிற பக்கமெல்லாம் திராட்சைத் தோட்டம்

ராணி அத்தை: கையில என்னா புள்ள அது

வித்யா மெல்பேர்ண்: வைன் அத்தை. நான் குடிக்கல, இன்னிக்கு நான்தான் ட்ரைவர். புது லைசன்காரங்க ஒரு சொட்டு குடிச்சாலும் இங்க ஓட்ட ஏலாது. மோந்து பார்த்ததோட சரி

குமார்: மோந்து பார்க்கவா அவ்வளவு தூரம் போன 😂

பெரிய மாமா: மூணாவது படத்துல அந்த வாளி எதுக்கு?

வித்யா மெல்பேர்ண்: துப்புறதுக்கு மாமா. ஆறேழு வகை தர்றாங்க. எல்லாத்தையும் முழுங்கினா கடைசி கிளாஸ் எதுன்னே தெரியாது

பெரிய மாமா: அட, நம்ம தொழில்! தேயிலை பேக்டரியில ருசி பார்க்க, தூளுக்குக் கொதிக்கிற தண்ணி ஊத்தி, அஞ்சாறு நிமிஷம் மூடி வச்சி வடிப்போம். கரண்டியில அள்ளி சர்ர்ர்னு உறிஞ்சணும். சத்தம் வந்தாத்தான் காத்தோட வாசம் மூக்குக்கு ஏறும். பெறகு துப்பிடணும்

ராணி அத்தை: கல்யாண வீட்லயும் அதே சத்தம்தான். பக்கத்துல உக்கார முடியாது

வித்யா மெல்பேர்ண்: 😂 மாமா, இங்க கறுப்புப் பழத்துல வெள்ளை வைன் செய்றாங்க! பழத்துக்குப் பீனோ நுவார்னு பேரு. நிறம் தோல்லதான் இருக்காம். சட்டுனு பிழிஞ்சி தோலைப் பிரிச்சிட்டா வெள்ளை, தோலோட ஊற விட்டா சிவப்பு

பெரிய மாமா: கொழுந்தும் அப்படித்தானே. ரோலர்ல நசுக்கி காத்துல விட்டா செம்பு நிறமாகி கறுப்புத் தேயிலை. பறிச்ச சூட்டோட ஆவி காட்டிட்டா பச்சைத் தேயிலை. செடி ஒண்ணுதான்

ராணி அத்தை: கொடியெல்லாம் வரிசையா அழகா இருக்கு. வெட்டி விடுற கவ்வாத்து உண்டா?

வித்யா மெல்பேர்ண்: வருசா வருசம் குளிர்காலத்துல

ராணி அத்தை: வருசா வருசமா! நமக்கு நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. பழம் யாரு பறிக்கிறா?

வித்யா மெல்பேர்ண்: மார்ச்ல அறுவடை அத்தை, இப்ப அதுதான் நடக்குது. நெறைய இடத்துல மிஷின். சில தோட்டத்துல கையாலதான் வெட்டுறாங்க

ராணி அத்தை: கூலி?

வித்யா மெல்பேர்ண்: கேக்கலயே அத்தை...

ராணி அத்தை: அதைத்தானே மொதல்ல கேக்கணும். 2021ல நாள் கூலி ஆயிரம் ரூவா கைக்கு வர்றதுக்குள்ள எத்தன வருசம் கத்துனோம்

குமார்: அத்தை, சுத்திப் பார்க்கப் போன புள்ளைய சங்கத்துல சேர்க்காதீங்க 🙏

வித்யா மெல்பேர்ண்: இல்ல, அத்தை சொல்றது சரிதான். அடுத்த தோட்டத்துல கேக்குறேன்

பெரிய மாமா: நமக்கும் இப்ப திம்புள்ள பக்கத்துத் தேயிலைக்கு சீசன்தான். தை பொறந்ததுல இருந்து காஞ்ச காத்து, ராத்திரிக் குளிர். கொழுந்து மெதுவா வளரும், வாசம் அப்பதான் ஏறும். குமார், அடுத்த ஞாயிறு நம்ம வீட்லயும் டேஸ்டிங். திம்புள்ள, நுவரெலியா, ருஹுண மூணு ஊர்த் தேயிலையும் வாங்கிட்டு வா. ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியா தேயிலைக்கும் ரெண்டாயிரம் அடிக்குக் கீழ வளர்ற ருஹுணவுக்கும் என்னா வித்தியாசம்னு காட்றேன்

குமார்: ஊவா பக்கத்துத் தேயிலை வேணாமா?

பெரிய மாமா: அங்க காஞ்ச காத்து ஜூலைக்குப் பெறகுதான். அப்ப வாங்கு. வீட்ல குடிக்கிற டஸ்ட் தூளும் ஒரு கோப்பை வைப்போம். பால் கூடாது, சீனி கூடாது

ராணி அத்தை: சீனி இல்லாத தேத்தண்ணிக்கு நான் எதுக்கு

வித்யா மெல்பேர்ண்: நீங்க இருக்கணும் அத்தை. வீடியோ கோல் எடுக்குறேன்

ராணி அத்தை: சரி வாறேன். துப்புறதுக்கு சட்டி நீங்களே கொண்டாங்க. நான் அரிசி களையிற சட்டியில யாராச்சும் கை வச்சீங்க, அப்ப இருக்கு