மீன்கள் நலமாக இருக்க, பவளங்கள் மட்டும் மடிவது ஏன்?

கேள்வி (பாளையங்கோட்டை):
எங்கள் வீட்டு உவர்நீர்த் தொட்டியில் காளான் பவளங்களும் தோல் பவளமும் திடீரெனச் சுருங்கி, விளிம்பிலிருந்து சளிபோல் கரைந்து உதிர்கின்றன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து கிடக்கின்றன. கோமாளி மீன்களோ வழக்கம்போல் இரை எடுக்கின்றன. நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 27 டிகிரி, அம்மோனியா இல்லை. வேறு எதைச் சோதிக்கலாம்?

பதில் (தூத்துக்குடி):
மீன்களை விட்டுவிட்டு முதுகெலும்பற்ற உயிர்கள் மட்டும் சாய்வதால், என் முதல் ஐயம் தாமிரத்தின் மீதுதான். மீன் நோய்க்கு மருந்தாகும் அளவே பவளத்துக்கு நஞ்சு. தாதுக்கள் நீங்கிய ஆர்.ஓ. நீர், தாமிரம் கலந்த பித்தளையை அரிக்கும் என்பதால், நீர் வரும் வழி முழுவதையும் பாருங்கள்.

கேட்டவர்:
ஆர்.ஓ. நீர் பிடிக்கும் பீப்பாயில் பிளம்பர் அண்மையில் பித்தளைக் குழாய் மாட்டியிருந்தார். கழற்றியபோது அதன் வாயில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. தாமிரச் சோதனையிலும் நீர் நிறம் மாறியது.

பதில் (வள்ளியூர்):
மிஞ்சிய பவளங்களைப் புதிதாகக் கலந்த உப்புநீரில், அதே வெப்பநிலையில், தனியே வையுங்கள். பிளாஸ்டிக் குழாய் மாட்டிய பிறகு, தொட்டியில் கால் பங்கு நீரை மாற்றி, வடிகட்டியில் புதிய கரியும் உலோகம் உறிஞ்சும் பிசினும் இடுங்கள். அவசரத்துக்குக்கூட மாநகராட்சித் தாமிரபரணி நீரை நேரடியாக ஊற்ற வேண்டாம். அதில் குளோரின் இருக்கும். பாறையும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்துப் பின்னர் மெல்ல விடக்கூடும் என்பதால், ஒருமுறை சோதித்ததோடு நிறுத்தாதீர்கள்.

ஒன்று கூடுதலாக: கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துத் தருவதாக யாரேனும் சொன்னால் வாங்காதீர்கள்.