ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, சிறுநீரில் மட்டும் நார்மலா?

கேள்வி:
அம்மாவுக்குக் கால் தசை அடிக்கடி பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 மில்லிமோல். டாக்டர் சிரப் எழுதிவிட்டு, அதைத் தொடங்கும் முன் சிறுநீரிலும் பார்க்கச் சொன்னார். அதில் லிட்டருக்கு 32. ரிப்போர்ட்டில் நார்மல் 25–125 என்று இருக்கிறது. அப்போ கிட்னியில் பிரச்சினை இல்லைதானே?

பதில்:
அந்த 25–125 ஒரு நாள் முழுவதும் வெளியேறும் அளவு. நீங்கள் கொடுத்தது ஒரு தடவை பிடித்த சாம்பிள். இரண்டையும் ஒப்பிட முடியாது. அதோடு, ரத்தத்தில் இவ்வளவு குறைந்தால் கிட்னி பொட்டாசியத்தை விடாமல் பிடித்து வைக்க வேண்டும். இந்த நேரத்தில் 'நார்மல்' அளவு வெளியேறினாலே அது அதிகம்தான். அதே சாம்பிளில் கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கழிவு) பார்த்தார்களா?

கேட்டவர்:
ஆமாம், டெசிலிட்டருக்கு 64 மில்லிகிராம்.

பதில்:
அதாவது லிட்டருக்கு 0.64 கிராம். 32-ஐ அதால் வகுத்தால் 50. தண்ணீர் நிறையக் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போனாலும் இந்தக் கணக்கு பெரிதாக ஏமாற்றாது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 13-க்குக் கீழே இருந்தால் வயிற்றுப்போக்கு, சரியாகச் சாப்பிடாதது போன்ற காரணங்களைத் தேடலாம். 50 என்றால் சிறுநீர் வழியாகத்தான் போகிறது. பிரஷர் மாத்திரை எடுக்கிறார்களா? வாந்தி உண்டா?

கேட்டவர்:
வாந்தி இல்லை. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை.

இன்னொருவர்:
அதுவே காரணமாக இருக்கலாம், பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற மாத்திரைதான். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்த ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் கேளுங்கள். மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தால் சிரப் எவ்வளவு குடித்தாலும் பொட்டாசியம் ஏறாது. நெஞ்சு படபடப்போ கை கால் தளர்ச்சியோ வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

கேட்டவர்:
சரி, பேசுகிறேன். 24 மணி நேரச் சிறுநீர் கேட்டால் எப்படிப் பிடிப்பது?

பதில்:
காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சொட்டு விடாமல் லேப் கொடுத்த கேனில் சேர்த்துக் குளிர்ச்சியாக வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் போவதையும் சேர்த்தால் முடிந்தது. நடுவில் ஒரு தடவை விட்டுப்போனால் மறைக்காமல் லேபில் சொல்லிவிடுங்கள், மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கும்.