வாசலுக்கு இரண்டு தட்டுச் செருப்பு ஸ்டாண்ட்: பிளைவுட் போதுமா?

கேள்வி: 2 அடி அகலத்தில் செய்யணும். மழைச்சாரல் படும் இடம். கையில் இருப்பது ரம்பமும் டிரில்லும்தான்.

பதில் 1: சாதாரண பிளைவுட் வேண்டவே வேண்டாம். வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறி அடுக்கு பிரிந்துவிடும். தேக்கு ரீப்பர் (மெல்லிய நீள மரத்துண்டு) வாங்குங்க, 2 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம். கால் 16 அங்குலத்தில் 4, பக்கச் சட்டம் 11 அங்குலத்தில் 4, தட்டுக்கு 24 அங்குலத்தில் 8. மொத்தம் 25 அடி. சேதாரத்துக்கு 28 அடியாக வாங்கலாம்.

சட்டங்களைக் கால்களின் உள்பக்கம் ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவால் பூட்டுங்க. அதன்மேல் ஒவ்வொரு தட்டுக்கும் 4 ரீப்பர், இடையில் 1 அங்குல இடைவெளி; மண்ணும் தண்ணீரும் கீழே போய்விடும். இதற்கு ஒன்றரை அங்குல ஸ்க்ரூ.

பதில் 2: 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. துளை போடுங்க. நேரடியாக முடுக்கினால் ரீப்பரின் நுனி பிளக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ நல்லது, எளிதில் துரு பிடிக்காது.

இந்த அமைப்பு பக்கவாட்டில் ஆடும். பின்னால் மூலைக்கு மூலை ஒரு ரீப்பர் அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். கூடுதலாக இரண்டரை அடி போதும்.

பதில் 3: கீழ்த்தட்டு தரையிலிருந்து 4 அங்குலமாவது உயரட்டும், துடைப்பம் நுழையணும். காலின் அடி நுனிதான் அதிக ஈரம் உறிஞ்சும். அங்கே வார்னிஷ் இரண்டு கோட் கூடுதலாகக் கொடுத்து ரப்பர் புஷ் (காலடி மூடி) மாட்டுங்க.