இரண்டாங்கட்டில் கிடைத்த போர்க்கால வாக்கி-டாக்கி: சுவிட்சே காணோம், எப்படி ஓடவைப்பது?

கானாடுகாத்தான்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையில் ஒரு தேக்குப் பெட்டியைக் காலி செய்தபோது, பழைய பேரேடுகளுக்கு அடியில் பச்சை நிறக் கருவி ஒன்று கிடைத்தது. செங்கல்லைவிட நீளம், கையில் நல்ல கனம். ஒரு முகத்தில் காதுக்கும் வாய்க்கும் இடம், பக்கவாட்டில் ரப்பர் போர்த்திய நீள அழுத்தி, தலையில் ஒரு திருகு மூடி. தகட்டில் பிசி-611 என்று இருக்கிறது. எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போய், போருக்குப் பிறகு ஊர் திரும்பியவர். அப்போது வாங்கி வந்திருப்பார் என்கிறார் அப்பத்தா. எவ்வளவு தேடியும் ஆன்-ஆஃப் சுவிட்ச் இல்லை. அடியில் மின்கலம் வைக்கும் அறை காலி. பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது இதில் சத்தம் கேட்கவைக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

முனீஸ்வரன்கோவில்தெரு ஆச்சி:
தம்பி, முதலில் ஒன்று. பித்தளைச் சாமானை விளக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பச்சை வண்ணமும் தகட்டு எழுத்தும் போனால் திரும்ப வராது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

தேவகோட்டை ஹாம்:
சுவிட்ச் உங்கள் கையில்தான் இருக்கிறது. திருகு மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஏரியலை வெளியே இழுங்கள். ஒரு மீட்டர் நீளம் வரும். அதை இழுப்பதுதான் ஆன், உள்ளே தள்ளினால் ஆஃப். இருட்டிலும் மழையிலும் சிப்பாய் சுவிட்சைத் தேட வேண்டாம் என்று யோசித்துச் செய்த வேலை, எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. ஏரியல் இறுகியிருந்தால் பலமாக இழுக்காதீர்கள்.

தகட்டில் பிசி-611 என்று இருந்தாலும், இந்த அமெரிக்கப் படைக் கருவியின் முழுத் தொகுப்புக்குப் பெயர் எஸ்.சி.ஆர்-536. பின்னாளில் மோட்டோரோலா ஆன சிகாகோவின் கால்வின் நிறுவனம் 1940-களின் தொடக்கத்தில் செய்தது. அந்தக் காலத்தில் இதை ஹேண்டி-டாக்கி என்றார்கள். வாக்கி-டாக்கி என்றால் முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்-300. அது எஃப்.எம்., இது ஏ.எம். தரையில் சுமார் 1.6 கிலோமீட்டர், தண்ணீர்மேல் 5 கிலோமீட்டர் வரை எட்டும். கொஞ்ச தூரம்தானே என்று தோன்றலாம். ஆனால் அதற்கு முன்னால் முன்வரிசையிலிருந்து சேதி போக வேண்டுமானால் ஓர் ஆள் ஓட வேண்டும், இல்லாவிட்டால் டெலிபோன் கம்பி இழுக்க வேண்டும். குண்டு விழுந்தால் கம்பி அறுந்துவிடும். முன்னால் நிற்கும் சின்னக் குழு தன் கம்பெனி என்னும் படைப்பிரிவின் தலைவரிடம் நேரே பேச முடிந்ததே இதனால்தான்.

ஒன்று முக்கியம். பக்கத்து அழுத்தியை அழுத்தினால் அலை வெளியே போகும். இந்தியாவில் இதுபோன்ற கம்பியில்லாக் கருவிகளுக்கு உரிமம் வேண்டும் என்பது 1933 முதலே சட்டம். கேட்கும் பக்கத்தை மட்டும் சோதியுங்கள். அதையும் உரிமம் உள்ள ஒரு ஹாமை (பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசுபவரை) பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

புதுவயல் ரேடியோ மெக்கானிக்:
இதற்கு இரண்டு மின்சாரம் தேவை. வால்வு என்பது பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்; அதன் இழை சூடாக 1.5 வோல்ட், உள்ளே இருக்கும் தட்டுக்கு 103.5 வோல்ட். பழைய மின்கலத்தைத் தேடி அலைய வேண்டாம். முதலாவதற்குப் பெரிய டார்ச் செல். இரண்டாவதற்கு 9 வோல்ட் மின்கலம் 11, வரிசையாக. ஆனால் கம்பி மாறி 100 வோல்ட் இழைக்குப் போனால் ஐந்து வால்வும் ஒரே நொடியில் போய்விடும். ஆளுக்கும் ஷாக் அடிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

வால்வுகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் 1-ஆம் காலுக்கும் 7-ஆம் காலுக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தொடர்பு இருந்தால் இழை நன்றாக இருக்கிறது. அப்புறம் காகிதக் கண்டென்சர்களைச் சோதிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவை கசியும்.

கானாடுகாத்தான்வாசி:
அண்ணே, ஏரியலை இழுத்ததும் உள்ளே 'டக்' என்று கேட்டது! வால்வுகளில் நான்கு சரி. 1எஸ்5 என்று போட்டது மட்டும் தொடர்பு காட்டவில்லை.

புதுவயல் ரேடியோ மெக்கானிக்:
அது போனால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் காதில் ஒன்றும் விழாது. கவலை வேண்டாம், பழைய மின்கல வால்வு ரேடியோக்களில் வந்ததுதான். மேலே டிஏஎஃப்91 என்று இருந்தாலும் அதே வால்வு. என்னிடம் ஒன்று இருக்கிறது, கருவியோடு வாருங்கள். மின்கலத்தையும் ஒரேயடியாக 11 கொடுக்க வேண்டாம், ஐந்தில் தொடங்கிக் கூட்டுவோம்.

தேவகோட்டை ஹாம்:
நானும் வருகிறேன். உள்ளே அலைவரிசையைத் தீர்மானிக்கும் இரண்டு படிகம் இருக்கும், ஒன்று பேச, ஒன்று கேட்க. கேட்கும் படிகத்தின் அலைவரிசை எண் 455 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். சிக்னல் ஜெனரேட்டரை (சோதனைக்கு அலை தரும் கருவியை) பேசும் படிகத்தின் எண்ணுக்கு வையுங்கள். மற்றதற்கு வைத்துவிட்டு, கருவி செத்துவிட்டது என்று பலர் மூடிவைத்துவிடுகிறார்கள்.

கானாடுகாத்தான்வாசி:
நேற்று புதுவயலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இரண்டு கண்டென்சரும் அந்த வால்வும் மாற்றினோம். எட்டாவது மின்கலம் சேர்த்தபோது 'உஸ்' என்று இரைச்சல். ஜெனரேட்டரைத் திருப்பியதும் 'கூ' என்று தெளிவாக வந்தது. இன்று காலை வீட்டில் அதே இரைச்சலை அப்பத்தா காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "உங்க ஐயா இதைத் தொடவே விடமாட்டாக" என்றார்கள். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

புதுவயல் ரேடியோ மெக்கானிக்:
சந்தோஷம் தம்பி. எடுத்துவைக்கும்போது ஏரியலை முழுக்க உள்ளே தள்ளி மூடியைத் திருகுங்கள். அரைகுறையாக நின்றால் டார்ச் செல் தீர்ந்துகொண்டே இருக்கும். மின்கலங்களையும் வெளியே எடுத்துவிடுங்கள், கசிந்தால் கருவியை அரித்துவிடும்.