மரணப்படுக்கை உயில்களும் பணிவிடை செய்தவர்களும்: ஆவண வாசிப்பில் உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நோயாளிகளை வீட்டில் கவனித்துக்கொண்டவர்களின் உழைப்புக்கு உயில்களில் என்ன இடம் கிடைத்தது என்பது குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

அக்காலத்தில் பலர் சாவு நெருங்கிய பிறகே உயில் எழுதினர். அதற்கும் நேரமில்லாதவர்கள் சாட்சிகள் முன்னிலையில் வாயால் சொன்னது, அசையும் சொத்தைப் பொறுத்தவரை, செல்லுபடியாயிற்று. ஆகவே படுக்கையருகே விழித்திருந்த உறவினரும் பணிப்பெண்ணும் அண்டை வீட்டாருமே பின்னர், அன்று உயில் வழக்குகளை விசாரித்த திருச்சபை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேர்ந்தது. சொத்தில் பங்கு பெற்றவரே பணிவிடையும் செய்திருந்தால், அன்பு எது, வற்புறுத்தல் எது என்ற கேள்வி எழுந்தது. 1677ஆம் ஆண்டுச் சட்டம், 30 பவுண்டுக்கு மேற்பட்ட வாய்மொழி உயிலுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும் என்றும், அது இறுதி நோயின்போது சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்றும் விதித்தது.

எனக்கு இரண்டு வகையில் உதவி வேண்டும். முதலாவது, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கேன்டர்பரி நீதிமன்ற (கேன்டர்பரி பேராயரின் கீழ் உயில்களை உறுதிசெய்த திருச்சபை நீதிமன்றம்) உயில் படிகளிலும், மறைமாவட்ட நீதிமன்றங்களின் வாக்குமூலங்களிலும் உள்ள பழைய கையெழுத்தை வாசிக்கப் பயின்றவர்கள் வழிகாட்ட வேண்டும். இரண்டாவதே எனக்கு மிக முக்கியமானது: இறந்தவரின் சொத்தை நிர்வகித்தவர்கள் ஒப்படைத்த கணக்குகளில் தாதியருக்குக் கொடுத்த கூலி பதிவாகியிருக்கிறது, ஆனால் மனைவியும் மகளும் கூலியின்றிச் செய்த பணிவிடை அங்கே பெரும்பாலும் தென்படுவதில்லை. அதை வாக்குமூலங்களிலிருந்து மீட்டெடுக்கும் முறையை அறிந்தவர்கள், ஓரிரு வரிகளேனும் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.